பெயர் சொல்லாமல் ஆராயப்பட்ட ஒரு குடும்பப்பெயர்: கிழக்கு யார்க்‌ஷயர் நிகழ்வு ஆய்வு

2007ஆம் ஆண்டு ஐரோப்பிய மனித மரபியல் ஆய்விதழ் ஒன்றில் ஆறே பக்கங்களில் ஒரு கட்டுரை வந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டூரி கிங், மார்க் ஜாப்ளிங் உள்ளிட்ட குழுவினர் எழுதியது. வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் வட்டாரத்துக் குடும்பப்பெயர் ஒன்றையும் அதைத் தாங்கிய ஆண்களையும் பற்றியது. ஆனால் அந்தக் குடும்பப்பெயர் என்ன என்பதை ஆய்வாளர்கள் கடைசிவரை வெளியிடவில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை. பெயர் இல்லாமலே ஒரு பெயரைப் பற்றி எவ்வளவு அறியலாம், எந்த இடத்தில் அறிவு நின்றுவிடுகிறது என்பதற்கு இந்த நிகழ்வைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

பின்னணி

இங்கிலாந்தில் குடும்பப்பெயர் என்பது 1066இல் நார்மானியர் வந்த பிறகு பிரபுக்களிடம் தொடங்கி, மெல்லக் கீழிறங்கிய வழக்கம். தெற்கில் முந்தியும் வடக்கில் பிந்தியும், சுமார் 1400க்குள் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. தொழிலால் வந்த பெயர் உண்டு. ஸ்மித் என்றால் கொல்லர். தந்தை பெயரால் வந்தவை ஜான்சன், ராபின்சன் போன்றவை. உருவத்தையோ குணத்தையோ சுட்டிய பட்டப்பெயர்களும் உண்டு. நான்காவது வகை ஊரும் நிலமும் தந்த பெயர்கள். யார்க்‌ஷயரில் இந்த நான்காவது வகை மிகுதி. 'த்வெய்ட்' என்று முடியும் பெயரைக் கேட்டால், காடு திருத்திய நிலத்தைக் குறிக்கும் ஸ்காண்டிநேவியச் சொல் ஒன்று அதற்குள் இருக்கிறது என்று வடக்கு இங்கிலாந்துக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

பெயர் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது. ஆண்களிடம் மட்டும் உள்ள ஒய் குரோமோசோமும் அப்படியே. ஆகவே ஒரு பெயரை முதன்முதலில் சூடியவர் ஒரே ஒருவர் என்றால், இன்று அந்தப் பெயரைத் தாங்கும் ஆண்கள் எல்லோரிடமும் அவருடைய ஒய் குரோமோசோம் இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிமையான கணக்கு. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்ளும் நமக்கு இது சற்று அந்நியம்தான். நம் தலைப்பெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும், தாத்தாவின் எழுத்தைப் பேரன் சுமப்பதில்லை. ஆங்கிலேயரின் பெயரோ அறுநூறு, எழுநூறு ஆண்டு மாறாமல் வருகிறது. மரபியலாளருக்கு அது ஒரு புதையல்.

அந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தவர் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பிரையன் சைக்ஸ். தன் குடும்பப்பெயரையே அவர் எடுத்துக்கொண்டார். 'சைக்' என்பது வடக்கு இங்கிலாந்தில் சதுப்பு நிலத்தில் ஓடும் சிறு ஓடைக்கும், நில எல்லையாக அமைந்த வாய்க்காலுக்கும் வழங்கும் சொல். ஓடைக்கரை வீட்டுக்காரர் என்று பொருள் கொள்ளலாம். ஓடை இல்லாத பள்ளத்தாக்கு யார்க்‌ஷயரில் ஏது? எனவே பெயர் பல இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்கும் என்பதுதான் எழுத்துச் சான்றுகளை வைத்து எல்லோரும் கொண்டிருந்த முடிவு. 2000ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய ஆய்வு வேறு ஒன்றைக் காட்டியது. சோதிக்கப்பட்ட 48 சைக்ஸ் ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஒரே ஒய் வகை. அதே வட்டாரத்தின் மற்ற ஆண்களிடம் அது காணப்படவில்லை. ஒரே மூதாதை என்றும், மீதிப் பாதி 700 ஆண்டுகளில் தத்தெடுப்பு, வேறு தந்தை போன்றவற்றால் இடையிடையே தந்தைவழி அறுந்ததால் வந்தது என்றும் அவர் எழுதினார்.

லெஸ்டர் குழு இதைப் பெருக்கிப் பார்க்க முனைந்தது. பெயர் ஒன்றாக இருக்கும், ஆனால் உறவு என்று ஒருவரையொருவர் அறியாத 150 இணை ஆண்களைச் சோதித்தார்கள். பெயர் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு ஒய் ஒத்துப்போகும் வாய்ப்பு கூடியது. நாடெங்கும் பரவிய பெயரில் அந்த ஒற்றுமையை எதிர்பார்க்க முடியாது. கொல்லர் இல்லாத ஊர் இல்லை. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பெயர்வாரியாகப் படியெடுக்கப்பட்டிருப்பதால் இதை வரைபடத்திலேயே பார்க்கலாம். ஸ்மித் என்று தேடினால் நாடு முழுவதும் நிறைந்துவிடும். சைக்ஸ் என்றால் ஹடர்ஸ்ஃபீல்டைச் சுற்றிக் குவியும். அரிய பெயர்கள் சில ஒன்றிரண்டு பங்குகளை, அதாவது ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் வட்டாரங்களை, தாண்டுவதே இல்லை.

நம் நிகழ்வின் பெயர் இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது. கிழக்கு யார்க்‌ஷயரில் வேர்கொண்ட, மிகச் சிலரே தாங்கும் பெயர்.

கண்டது

பிரித்தானிய ஆண்களின் மாதிரிகளை வகைப்படுத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாதிரி எதிலும் சேராமல் நின்றது. மனித ஒய் வகைகளை உறவுப்படி ஒரு மரமாக வரைந்தால், இங்கிலாந்து ஆண்களில் பெரும்பான்மையினர் மேற்கு ஐரோப்பாவில் பரவலான ஒரே பெருங்கிளையில் வருவார்கள். மீதிப் பேர் வேறு சில ஐரோப்பியக் கிளைகளில். இந்த மாதிரியோ 'ஏ1' என்ற கிளையில் விழுந்தது. ஏ என்பது அன்றைய அறிவின்படி மனித ஒய் மரத்தின் அடியிலேயே பிரியும் கிளை. ஆப்பிரிக்காவுக்கு மட்டுமே உரியது என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. பிரிட்டனில் மட்டுமல்ல, மேற்கு ஐரோப்பாவில் எங்குமே அதுவரை ஒருவரிடமும் அது பதிவாகவில்லை.

மாதிரியைத் தந்தவர் ஆய்வில் 'பூர்வகுடி பிரித்தானியர்' என்ற வகையில் சேர்க்கப்பட்டிருந்தார். கட்டுரையாசிரியர்கள் இந்தச் சொல்லைச் சில இடங்களில் மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறார்கள். முழுக் கட்டுரையிலும் எனக்குப் பிடித்த இடம் அந்தச் சிறு குறிகள்தான்.

எடுத்த முடிவுகள்

ஒரே ஒரு மாதிரி. இதை என்ன செய்வது? வழக்கத்துக்கு மாறான ஒற்றை முடிவை ஆய்வகங்கள் பெரும்பாலும் ஓரமாக வைத்துவிடும். மாதிரி கலந்துபோயிருக்கலாம், அந்த ஒருவரின் குடும்பத்தில் அண்மையில் நடந்த, வெளியே பேசாத ஏதோ ஒன்றாகவும் இருக்கலாம். ஒருவரை மட்டும் வைத்து இந்த இரண்டையும் விலக்க முடியாது.

எனவே, முதல் முடிவு: அதே குடும்பப்பெயர் கொண்ட மற்ற ஆண்களைத் தேடுவது. பெயர் அரிதாக இருந்தது இங்கே கைகொடுத்தது. ஸ்மித் என்ற பெயரில் இத்தகைய ஒருவர் கிடைத்திருந்தால் அடுத்த ஸ்மித்தைச் சோதிப்பதில் பொருளே இருந்திருக்காது. அதே பெயருடைய 18 ஆண்களின் ஒய் சோதிக்கப்பட்டது. 7 பேரிடம் ஏ1 இருந்தது.

மாதிரிக் கலப்பு என்ற ஐயம் அத்தோடு தீர்ந்தது. அண்மைக்கால நிகழ்வு என்ற விளக்கமும் ஆட்டம் கண்டது. ஆனால் 11 பேரிடம் அது இல்லை என்பதையும் அதே அளவு கவனிக்க வேண்டும். பெயரைத் தோற்றுவித்தவரே ஆப்பிரிக்கத் தந்தைவழியினர் என்று இந்த எண்களிலிருந்து சொல்ல முடியாது. பெயர் முன்பே இருந்து, ஏதோ ஒரு தலைமுறையில் இந்த ஒய் அதற்குள் வந்து சேர்ந்திருக்கலாம். இரண்டுக்குமே இடம் இருக்கிறது.

இரண்டாவது முடிவு, காகிதத்தையும் டி.என்.ஏ.வையும் தனித்தனியே பேசவிடுவது. ஆவணத் தேடல் ஒருபுறம் நடந்தது. மறுபுறம், ஏழு பேரின் ஒய் குரோமோசோமிலும் 77 இடங்களில் எண்ணிக்கை எடுக்கப்பட்டது. டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரே சிறு தொடர் அடுத்தடுத்துப் பல முறை வரும். அந்த எண்ணிக்கை தலைமுறைகள் போகப்போக எப்போதாவது ஒன்று கூடும், ஒன்று குறையும். இருவருக்கிடையே எத்தனை இடங்களில் எண் மாறியிருக்கிறது என்பதிலிருந்து அவர்களின் பொது மூதாதை எவ்வளவு தொலைவில் இருந்தார் என்று மதிப்பிடலாம். அந்தக் காலத்தில் பத்துப் பதினைந்து இடங்கள் போதும் என்று நிறுத்திக்கொள்வார்கள். 77 என்பது அக்கறையைக் காட்டும் எண்.

மூன்றாவது, ஆப்பிரிக்க ஒப்பீடு. ஆப்பிரிக்க ஆண்களின் ஏ1 மாதிரிகளோடு வைத்துப் பார்த்தபோது, யார்க்‌ஷயர் வகை மேற்கு ஆப்பிரிக்காவைச் சுட்டியது.

நான்காவது, பெயரை மறைப்பது. இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பதிவேடுகள் எங்கே நின்றன

ஆவணத் தேடல் ஏழு பேரையும் இரண்டு வம்சாவளிகளுக்குள் அடக்கியது. ஒன்றின் உச்சியில் 1788இல் பிறந்த ஒருவர், மற்றதில் 1789இல் பிறந்த ஒருவர். இருவரும் யார்க்‌ஷயரில் பிறந்தவர்கள். இருவரையும் இணைக்கும் தாள் கிடைக்கவில்லை. 77 இடங்களின் கணக்கோ இவர்களுக்குச் சில தலைமுறைகள் முன்பு ஒரு பொது மூதாதை இருந்தார் என்பதோடு பொருந்தியது.

ஏன் அங்கே நின்றது என்பது ஆங்கிலப் பதிவேடுகளைப் புரட்டியவர்களுக்கு வியப்பாக இராது. அரசு பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியது 1837 ஜூலையில். வீடுவீடாகப் பெயர் எழுதிய கணக்கெடுப்புகள் 1841இலிருந்து கிடைக்கின்றன. அதற்கு முன் கையில் இருப்பது 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஆணையிட்டுத் தொடங்கிய பங்குப் பதிவேடுகள் மட்டுமே. 1813 முதல் ஞானஸ்நானத்துக்கு அச்சடித்த படிவம் வந்தது: குழந்தையின் பெயர், தாய் தந்தை பெயர், வசிப்பிடம், தந்தையின் தொழில் என்று கட்டம் கட்டமாக. அதற்கு முந்தைய பக்கங்களைத் திறந்தால் பல ஊர்களில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். இன்ன நாள், இன்னாரின் மகன் ஜான். தாயின் பெயர் இராது. தொழில் இராது. அதே ஊரில் அதே பெயரில் அண்ணன் தம்பி இருவர் இருந்து, இருவருக்கும் ஜான் என்று ஒரு மகன் பிறந்திருந்தால், எந்த ஜான் யாருடைய மகன் என்று பிரிக்க வழியே இல்லை.

யார்க்‌ஷயருக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. யார்க் நகரப் பாதிரியார் வில்லியம் டேட் என்பவர் விரிவான பதிவு முறை ஒன்றை வகுத்தார். தாய்வழி, தந்தைவழிப் பாட்டனார் பெயர், தொழில், ஊர், குடும்பத்தில் எத்தனையாவது குழந்தை என்பதுவரை எழுதச் சொன்ன முறை அது. யார்க் பேராயர் 1777இல் அதைத் தன் ஆளுகையில் உள்ள பங்குகள் பின்பற்றும்படி செய்தார். எல்லாப் பாதிரியாரும் பின்பற்றவில்லை. இவ்வளவு எழுத யாருக்குப் பொறுமை? ஆனால் எழுதிய இடங்களில் 1788, 1789 ஆண்டுகளின் ஒரு பதிவு மூன்று தலைமுறையைச் சொல்லும். நம் நிகழ்வின் இரண்டு உச்சி மனிதர்களும் சரியாக அந்தக் காலத்தில் பிறந்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் இரு மரங்களும் ஒட்டவில்லை. சில தலைமுறை என்று டி.என்.ஏ. சொல்லும் அந்த இடைவெளி, ஒற்றை வரிப் பதிவுகளின் காலத்துக்குள் விழுகிறது.

எந்த வழியாக வந்திருக்கும்

கட்டுரை வெளிவந்த 2007, பிரிட்டன் அடிமை வணிகத்தைச் சட்டத்தால் தடுத்ததன் 200ஆவது ஆண்டு. எனவே பலரும் உடனே பதினெட்டாம் நூற்றாண்டை நோக்கியதில் வியப்பில்லை. லண்டனிலும் துறைமுக நகரங்களிலும் மட்டுமல்லாமல், நாட்டுப்புற மாளிகைகளிலும் ஆப்பிரிக்கப் பணியாளர்கள் இருந்த காலம் அது. ஞானஸ்நானத்தின்போது அவர்களுக்குப் புதிய பெயர் வைப்பார்கள். எசமானின் குடும்பப்பெயரே கிடைப்பதும் உண்டு. ஏழு பேரின் பொது மூதாதை பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பதும், வகை மேற்கு ஆப்பிரிக்காவைச் சுட்டுவதும் இதற்கு ஒத்துப்போகின்றன.

ஆனால் ஒரு பிழை இங்கே எளிதில் நுழையும். ஏழு பேரின் பொது மூதாதை வாழ்ந்த காலமும், அந்த ஒய் இங்கிலாந்துக்கு வந்த காலமும் ஒன்றல்ல. முதலாவதை 77 இடங்களின் கணக்கு சொல்கிறது. இரண்டாவதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அந்த மூதாதையே பல தலைமுறைகளாக யார்க்‌ஷயரில் கலந்துவிட்ட, பார்ப்பதற்கு அக்கம்பக்கத்தாரைப் போலவே இருந்த ஒருவராக இருந்திருக்கலாம்.

அதற்கு முன்பும் ஆப்பிரிக்கர் அங்கே இருந்தார்கள் என்பதற்குச் சான்றுக்குப் பஞ்சமில்லை. ஏழாம் ஹென்றி, எட்டாம் ஹென்றி அரசவைகளில் ஊதுகொம்பு வாசித்த ஜான் பிளாங்க் என்ற கறுப்பினக் கலைஞரின் சம்பளக் கணக்கு இருக்கிறது. 1511 விழாவை வரைந்த ஓவியச் சுருளில் குதிரைமேல் அவர் உருவமும் இருக்கிறது. இன்னும் பின்னால் போனால், கி.பி. மூன்றாம் நூற்றாண்டில், வடக்கு இங்கிலாந்தில் ரோமர் கட்டிய ஹேட்ரியன் சுவரின் மேற்குக் கோடியில் மூர் வீரர்களின் படைப்பிரிவு காவல் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. லிபியாவின் லெப்டிஸ் மாக்னாவில் பிறந்த ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் 211இல் இறந்த இடம் யார்க் நகரம். இவை வடஆப்பிரிக்கத் தொடர்புகள் என்பதால் நம் நிகழ்வுக்கு நேர்ச்சான்று ஆகமாட்டா. மேற்கு ஆப்பிரிக்கா வேறு. ஆனாலும் கதவு பதினெட்டாம் நூற்றாண்டில்தான் திறந்தது என்று எண்ணுபவரை இவை நிறுத்தும். ஆய்வாளர்கள் கேள்வியைத் திறந்தே வைத்தார்கள். சரியான செயல் என்பது என் எண்ணம்.

விளைவு

பிரித்தானியப் 'பூர்வகுடி' ஆண்களிடையே ஆப்பிரிக்கருக்கான முதல் மரபணுச் சான்று என்று இந்த ஆய்வு பதிவாயிற்று. நாளிதழ்கள் எழுதின. அப்போது வேகமாகப் பெருகிவந்த வணிக வம்சாவளிச் சோதனைகளுக்கு இது ஒரு சங்கடமான செய்தி. இந்த ஏழு பேரில் ஒருவர் பணம் கட்டி ஒய் சோதனை செய்துகொண்டால், 'உங்கள் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா' என்று சான்றிதழ் வரும். அது பொய்யல்ல, ஆனால் மிகச் சிறிய உண்மை. ஏழு தலைமுறை பின்னால் போனால் ஒருவருக்கு 128 முன்னோர் இடங்கள். ஒய் பேசுவது அதில் ஒரே ஓர் இடத்தைப் பற்றி. மீதி 127 பேரில் பாட்டிமார் அத்தனை பேரும் இந்தச் சோதனைக்குக் கண்ணிலேயே படமாட்டார்கள்.

காவல்துறைக்கும் இதில் ஒரு செய்தி இருந்தது. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த ஒய் வகையைக் கொண்டு குடும்பப்பெயரை ஊகிக்கலாம் என்று இதே லெஸ்டர் குழு 2006இல் எழுதியிருந்தது. பெரிய பெயர்த் தரவுத்தளம் ஒன்று இருந்தால் ஆண்டுக்குச் சுமார் 70 கொலை, வன்புணர்வு வழக்குகளின் விசாரணைக்கு உதவக்கூடும் என்பது அவர்கள் மதிப்பீடு. அடுத்த ஆண்டே அவர்களுடைய மாதிரிப் பெட்டியிலிருந்தே எதிர்வாதம் எழுந்தது. இந்த யார்க்‌ஷயர் ஒய் ஒரு குற்ற இடத்தில் கிடைத்திருந்தால், காவலர்கள் முற்றிலும் தவறான தோற்றமுடைய ஆளைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

2009இல் அதே குழுவினர் 40 குடும்பப்பெயர்கள், 1,678 ஆண்கள் என்று விரித்து எழுதியபோது, பழைய சைக்ஸ் முடிவுக்கும் ஒரு திருத்தம் வந்தது. ஒரு பெயரில் ஒரே ஒய் மிகுந்து காணப்பட்டால் தோற்றுவித்தவர் ஒருவரே என்று முடிவு கட்ட முடியாது. பத்துப் பேர் தனித்தனியே சூடிய பெயராக இருந்தாலும், ஆண்வாரிசு இல்லாமல் ஒவ்வொரு வழியாக அற்றுப்போய், ஒரு வீட்டின் கிளை மட்டும் பெருகி நிற்கலாம். நம் நிகழ்வின் 7, 11 என்ற எண்களையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ஏழு பேர் என்பது ஒரு காலத்தில் அந்த வழிக்கு மகன்கள் நிறையப் பிறந்தார்கள் என்பதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்லாது.

டூரி கிங் பின்னர் 2012இல் லெஸ்டரில் தோண்டி எடுக்கப்பட்ட மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புகளைச் சோதித்தார். இன்று வாழும் தாய்வழி உறவினர்களோடு டி.என்.ஏ. பொருந்தியது. தந்தைவழியில், ஆவணப்படி உறவினரான ஐந்து ஆண்களில் ஒருவரின் ஒய்கூட மன்னருடையதோடு பொருந்தவில்லை. ஐவரில் ஒருவர் மற்ற நால்வரோடும் பொருந்தவில்லை. பிரபு குடும்பத்தின் ஏட்டிலேயே நிலைமை இப்படி. கிழக்கு யார்க்‌ஷயரின் எளிய குடும்பம் ஒன்றில் பெயரும் இரத்தமும் ஓரிடத்தில் பிரிந்திருந்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை.

இன்று செய்தால்

77 இடங்களின் எண்ணிக்கைக்குப் பதிலாக ஒய் குரோமோசோமின் பெரும்பகுதியையே இன்று வரிசைப்படுத்திப் படிக்கலாம். இரு மரங்களும் எப்போது பிரிந்தன என்பது இன்னும் குறுகிய கால வரம்புக்குள் வந்துவிடும். ஆப்பிரிக்க ஒப்பீட்டு மாதிரிகளும் அன்றைக்குச் சிலவே, இன்று கூடியிருக்கின்றன. மரத்தின் அடியிலேயே பிரியும் கிளை என்ற வாசகமும் மாறும். 2013இல் ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கரின் மாதிரியில் அதைவிடப் பழைய கிளை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, கேமரூனில் அதன் உறவுகள் அடையாளம் காணப்பட்டன.

நான் மாற்ற விரும்புவது பெயர் மறைப்பை. மறைத்தது சரி. ஆனால் போதவில்லை. குடும்பப்பெயர் என்பது ஸ்மித்துக்குத் தனிப்பட்ட தகவல் அல்ல. சில நூறு பேர் மட்டுமே தாங்கும் பெயருக்கு அது வீட்டு முகவரிக்குச் சமம். பெயரை நீக்கிவிட்டு 'கிழக்கு யார்க்‌ஷயரின் அரிய பெயர்' என்று எழுதினால், 1881 வரைபடங்களோடு பழகிய ஒருவர் ஊகிக்கும் பெயர்களின் எண்ணிக்கை வெகுவாகச் சுருங்கிவிடும். வட்டாரத்தைச் சொல்லாமல் ஆய்வை எழுதியிருக்கவும் முடியாது. வட்டாரம்தானே வாதத்தின் பாதி. அப்படியானால் ஒப்புதல் கேட்க வேண்டியது மாதிரி தந்தவர்களிடம் மட்டுமா, அந்தப் பெயருடைய மற்றவர்களிடமுமா? சோதனைக்கே வராத ஒரு பெரியப்பா, கல்யாணத்தால் பெயர் மாறிப்போன ஓர் அக்கா, செய்தித்தாளில் இதைப் படித்து 'இது நம் வீட்டுக் கதையோ' என்று நினைக்கும் ஒரு பேத்தி. இவர்களுக்கு ஆய்வின் ஒப்புதல் தாளில் கையெழுத்திட இடம் இருந்திருக்காது. இன்று இத்தகைய ஆய்வைத் தொடங்குபவர், பெயர் அரிதா பரவலா என்று முதலில் எண்ணிப் பார்த்து, அரிது என்றால் ஊரின் பெயரை எந்த அளவுக்குச் சொல்வது என்பதை மாதிரி தந்தவர்களோடு உட்கார்ந்து, அச்சுக்குப் போகும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

1788, 1789 என்ற இரண்டு பிறப்புகளுக்கும் மேலே இருக்கும் அந்த ஒற்றை வரி இன்னும் ஏதாவது ஒரு பங்கின் ஏட்டில் இருக்கலாம். இருந்தாலும் அதில் பெயரும் தேதியும் தந்தை பெயரும் இருக்கும். அவர் எங்கிருந்து வந்தவர் என்பதை எழுதப் பாதிரியாருக்குக் காரணம் ஏதும் இருந்திருக்காது.